உலர்ந்த ப்ளக், நனைந்த ப்ளக்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று காலையில் கிளம்ப மறுத்தால் நம்மூரில் முதலில் கை வைக்கப்படுவது கார்புரேட்டரின் மீதுதான். காரணம் எளிது. அது வெளியே தெரிகிறது. சில திருகுகளைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடுகிறது. பெட்ரோலில் கழுவி, ஊதி, மீண்டும் மாட்டும்போது ஏதோ செய்துவிட்ட நிறைவும் கிடைக்கிறது. மாட்டிய பின் வண்டி கிளம்பிவிட்டால், கழுவியதால்தான் கிளம்பியது என்று உரிமையாளரும் நம்புகிறார், மெக்கானிக்கும் நம்புகிறார். அந்த அரை மணி நேரத்தில் பெட்ரோலில் நனைந்திருந்த ப்ளக் தானாக உலர்ந்திருக்கலாம், சூடேறியிருந்த கண்டென்சர் ஆறியிருக்கலாம் என்பது ஒருவர் கணக்கிலும் வருவதில்லை. நான்காம் நாள் வண்டி மறுபடி நிற்கும். மறுபடி கார்புரேட்டர் கழற்றப்படும். இம்முறை திருகின் தலை தேய்ந்துபோகும்.

இங்கே நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. பழைய வண்டியைக் கழற்றுவதற்கு முன் அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றுக்கு ஒரு வரிசையும் உண்டு. அந்த வரிசை கைவிடப்பட்டதால்தான் இன்னும் பல்லாண்டு ஓடக்கூடிய வண்டிகள் காயலான் கடைக்குப் போகின்றன. இலக்கியம் பேசும் இடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தலாம். ஒரு பிரதியை அதிலுள்ள சொற்களைக் கொண்டு படிப்பது ஒன்று, ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சான்று தேடிப் படிப்பது வேறொன்று என்பதை ஒப்புக்கொள்பவர்களுக்கு இதில் அந்நியமான செய்தி எதுவும் இல்லை.

பேச்சு பொதுவாகப் போய்விடாமலிருக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பழைய புல்லட் 350. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் 1955-இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொடக்கத்தில் அங்கிருந்து வந்த உதிரிகளைப் பூட்டியும், பின்னர் முழுவதையும் இங்கேயே செய்தும் திருவொற்றியூர் ஆலை இந்த வண்டியை வெளியிட்டது. ரெடிச்சில் 1967-இல் ஆலை மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. எழுபது மி.மீ. விட்டமும் தொண்ணூறு மி.மீ. ஓட்டமும் கொண்ட அந்த ஒற்றைச் சிலிண்டர் வார்ப்பிரும்பு எஞ்சின், சிற்சில மாற்றங்களோடு அரை நூற்றாண்டைக் கடந்தது. பேட்டரி, காயில், பாயின்ட், கண்டென்சர், ஒரு கார்புரேட்டர் என எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். எனவே முறையைக் கற்க இதைவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை.

இத்தகைய வண்டிகள் சேகரிப்பாளர்களின் கூடத்தில் மட்டும் நிற்பதாக எண்ணிவிட வேண்டாம். புல்லட்டாயினும் ஆர்.எக்ஸ். 100 ஆயினும் எஸ்டியாயினும், பால் கேன் கட்டிய பழைய வண்டிகளை இன்றும் எந்தச் சிற்றூரிலும் காணலாம். அவற்றை ஓட்டுபவருக்கு வண்டி கிளம்பாத காலை என்பது ஒரு நாள் வருமானம். அவரிடம் புதிய வண்டிக்கு முன்பணம் இல்லை. இருப்பது இந்த வண்டியும் தெருமுனை மெக்கானிக்கும்தான்.

*

எஞ்சின் ஓடுவதற்கு நான்கு தேவைகள். பெட்ரோல், காற்று, பொறி, அழுத்தம். நான்கும் உரிய அளவில், உரிய நேரத்தில் சந்திக்க வேண்டும். கிளம்பாத வண்டி என்பது இந்த நான்கில் ஏதோ ஒன்று வரவில்லை என்பதன் வேறு பெயர். எது வரவில்லை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அதைச் சொல்ல ஒரு சாட்சி எஞ்சினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது ப்ளக்.

ஏழெட்டு முறை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை என்றால் ப்ளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உலர்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா? இந்த ஒரே கேள்வியில் பாதி உலகம் விலகிவிடும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வந்து சேரவில்லை. பாயின்டையும் காயிலையும் இப்போதைக்கு மறந்துவிடலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, அது எரியவில்லை; கார்புரேட்டரின் ஜெட் அடைத்திருக்குமோ என்று ஐயுறுவதில் பொருளில்லை. இவ்வளவு எளிய விசாரணையைச் செய்யாமல் கார்புரேட்டரைக் கழற்றுவது, நாடி பார்க்காமல் கத்தி எடுப்பதைப் போன்றது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நமக்குச் சொல்லும் ஒழுங்கும் இதுவே: முதலில் பிணி எது, அடுத்து அதன் மூலம் எது, அதன்பின் தணிக்கும் வழி எது, எல்லாம் தெரிந்த பிறகே செயல்.

உலர்ந்த ப்ளக்கின் வழியில் செல்வோம். பெட்ரோல் டாங்கிலிருந்து எஞ்சின் வரை நடந்து வருகிறது. நாமும் அதே திசையில் நடக்க வேண்டும். டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா, டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வுக்குத் திருப்ப வேண்டிய நிலையா என்பவை சிரிப்பை வரவழைக்கும் கேள்விகள். ஆயினும் இவற்றைக் கேட்காமல் கழற்றப்பட்ட வண்டிகளுக்குக் குறைவில்லை. அடுத்து, கார்புரேட்டர் பக்கத்திலிருந்து பெட்ரோல் குழாயை உருவி ஒரு புட்டியில் விட்டுப் பார்க்க வேண்டும். இதைத் திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பீடி சிகரெட் இல்லாமல் செய்வது நல்லது. ஒழுக்கு சீராக வந்தால் டாங்கும் டேப்பும் குற்றமற்றவை. முதலில் வந்து மெல்ல மெல்லச் சொட்டாகக் குறைந்தால் டாங்கின் மூடியைத் திறந்து பார்க்கலாம். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுக்கும் ஒலி கேட்டு, ஒழுக்கும் மீண்டுவிட்டால், மூடியில் உள்ள சிறு காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். காற்று உள்ளே வராமல் பெட்ரோல் வெளியே போகாது. சில கிலோமீட்டர் ஓடி நின்று, சற்று நேரம் நிறுத்தினால் மறுபடி ஓடும் வண்டிகளில் இந்தத் துளையின் பங்கு கணிசமானது. ஒரு குண்டூசி போதும் அதைத் தீர்க்க. கார்புரேட்டரைக் கழற்றிய நூறு கைகளும் அந்த மூடியைத் தினமும் திறந்து மூடிய கைகள்தாம்.

மூடி சரி, ஒழுக்கு மட்டும் குறைவு என்றால் டேப்பின் வடிகட்டியில் துருவும் கசடும் தங்கியிருக்கும். ஒழுக்கு நன்று, ப்ளக் மட்டும் உலர்ந்திருக்கிறது என்றால்தான் விசாரணை கார்புரேட்டரின் வாசலுக்கு வருகிறது. அங்கும் முதலில் ஃப்ளோட் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் அதில் நிரம்பவில்லையெனில் ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிரம்பியிருந்தால் மிச்சமிருப்பவை ஜெட்டுகளே. இப்போது கார்புரேட்டரைக் கழற்றலாம். முதல் அடியில் செய்யப்பட்ட வேலைதான் இது; ஆனால் இப்போது நாம் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து கழற்றுகிறோம்.

நனைந்த ப்ளக்கின் வழி வேறு. ப்ளக்கைத் துடைத்து உலர்த்தி, அதன் மூடியில் செருகி, உடல் எஞ்சினின் உலோகத்தில் நன்கு படும்படி வைத்துக் கிக்கரை உதைத்துப் பார்க்க வேண்டும். ப்ளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியேறும் என்பதால் அதற்கு எட்டவே ப்ளக்கைப் பிடிப்பது பாதுகாப்பு. நீல நிறத்தில் சொடுக்கிப் பாயும் பொறி என்றால் மின்சாரம் குற்றமற்றது. பெட்ரோல் அளவுக்கு மீறி வந்திருக்கிறது, மெக்கானிக்குகளின் சொல்லில் "ஓவர்" ஆகிவிட்டது. டேப்பை மூடி, சோக்கை விலக்கி, ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கியபடி சில முறை உதைத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டு, உலர்ந்த ப்ளக்கை மாட்டினால் கிளம்பிவிடும். பொறி மஞ்சளாய் மெலிந்திருந்தாலோ, இல்லவே இல்லையென்றாலோ முதலில் வேறொரு நல்ல ப்ளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் பொறி இல்லையேல் ப்ளக் மூடி, ஒயர், பாயின்ட், கண்டென்சர், காயில் என்று பின்னோக்கி நடக்க வேண்டும்.

பழைய புல்லட்டில் இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. ஹெட்லைட்டின் மேல் உள்ள ஆம்பியர் முள். சாவியைத் திருப்பி, டீகம்ப்ரஷரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல நகர்த்தினால், பாயின்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். முள் அசையவேயில்லை என்றால் பேட்டரியில் உயிர் இல்லை, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது பாயின்டின் முகங்கள் கருகித் தொடர்பு கிட்டவில்லை. சாய்ந்த முள் திரும்பவேயில்லை என்றால் பாயின்ட் திறப்பதில்லை, அல்லது மின்சாரம் எங்கோ உடலில் படுகிறது. ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. முள் நடுவுக்கு வந்த இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஷரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே சீராக மிதிப்பதே அந்த வண்டியை உதைக்கும் முறை. கணுக்காலைத் திருப்பி அடிக்கும் வண்டி என்று புல்லட்டுக்கு ஏற்பட்ட பெயரில் பாதி, முள்ளைப் பார்க்காமல் உதைத்தவர்கள் கொடுத்தது.

பாயின்டின் இடைவெளி ஏறத்தாழ 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதன் முகங்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பின் வெறுந்தாளை இடையில் வைத்து இழுத்துத் துடைத்தால் போதும். கண்டென்சர் தளர்ந்துவிட்டால் பாயின்டில் பெரிய பெரிய பொறிகள் தெறிக்கும். ஓடி ஓடிச் சூடானதும் நின்று, ஆறியதும் ஒன்றுமே நடவாதது போல் கிளம்பும் வண்டியில் கண்டென்சரையும் காயிலையும் ஐயுற வேண்டும். இந்த நோயைத்தான் நம்மூரில் மிகுதியும் "பெட்ரோல் அடைப்பு" என்று படிக்கிறார்கள். கார்புரேட்டர் பழுதுகளில் பெரும்பாலானவை மின்சாரப் பழுதுகளே என்று பழைய கைகள் சிரித்துக்கொண்டு சொல்வதில் உண்மை இருக்கிறது.

பெட்ரோலும் பொறியும் சரியாக இருந்து, கிக்கர் மட்டும் எதிர்ப்பின்றி வழுக்கிக்கொண்டு கீழே போனால் அழுத்தம் இல்லை. வால்வு முழுதாய் மூடாமல் இருக்கலாம். புல்லட்டில் டேப்பட் மூடியைத் திறந்து, வால்வுகள் மூடியிருக்கும் நிலையில், குளிர்ந்த எஞ்சினில் தள்ளுதண்டு விரலால் சுழல்கிறதா என்று பார்த்தாலே போதும். இறுகியிருந்தால் தளர்த்தலாம். பிஸ்டன், ரிங் என்று அஞ்சுவது அதற்குப் பிறகு.

*

கார்புரேட்டரே உண்மைக் குற்றவாளியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போதும் அது எந்தப் பகுதியில் குற்றம் என்பதைத் தானே சொல்லிவிடும். ஐட்லிங்கில் நிற்கவில்லை, சோக்கை இழுத்தால் மட்டும் ஓடுகிறது என்றால் பைலட் ஜெட். நடுத்தர வேகத்தில் திணறினால் ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அதன் கிளிப் நிலையும். முழுதும் முறுக்கும்போது மட்டும் இழுவை விட்டுப்போனால் மெயின் ஜெட். ஓடும் வண்டியில் சோக்கைச் சற்றே இழுத்துப் பார்த்து, ஓட்டம் தெளிந்தால் பெட்ரோல் குறைவு. மேலும் திணறினால் பெட்ரோல் மிகுதி. ப்ளக்கின் நிறமும் இதையே எழுதி வைத்திருக்கும். இளம் காப்பி நிறம் நலம். உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பசையுள்ள கருமை எஞ்சின் ஆயில் உள்ளே வருவதன் அடையாளம். சுண்ணாம்பு வெண்மை பெட்ரோல் குறைந்து சூடு கூடியதன் அடையாளம்.

இவ்விடத்தில் ஒரு விதியை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ப்ளக்கையும் பாயின்டையும் மாற்றி, காற்றுத் திருகையும் அரைச் சுற்று திருப்பி, கார்புரேட்டரையும் கழுவி மாட்டிய பின் வண்டி ஓடினால், எதனால் ஓடியது என்பது ஒருபோதும் தெரியாது. தெரியாததால் அடுத்த முறையும் நான்கையும் செய்ய வேண்டும். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் தேர்ந்த பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு திருத்தத்தையும் அடிக்குறிப்பில் தனித்தனியே குறித்தது இதனால்தான். திருத்தியவருக்கே தன் திருத்தம் எது என்று தெரியாத பதிப்பில் பின்னால் வருபவர் எதையும் சரிபார்க்க முடியாது. பைலட் ஜெட்டின் மயிரிழைத் துளையில் கம்பி விட்டுக் குத்துவதும் அப்படிப்பட்ட திருத்தமே. அடைப்பு போகும், துளையும் பெருகும், பித்தளையை மீண்டும் குறுக்க யாராலும் இயலாது. காற்றால் ஊதுவதோ நைலான் இழையால் துழாவுவதோதான் முறை.

ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட "ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்" நம் வாசகர் பலருக்குத் தத்துவ நூலாகவே அறிமுகம். அதன் தொடக்கப் பகுதியில் வெயில் கொளுத்தும் நாளொன்றில் நண்பரின் பி.எம்.டபிள்யூ கிளம்ப மறுக்கிறது. காரணம் சோக், பெட்ரோல் நிரம்பிவிட்டது. பெட்ரோல் நெடி அடிக்கிறது என்று கதைசொல்லி சொல்லியும் நண்பர் உதைத்துக்கொண்டேயிருக்கிறார். அந்த நூலைப் பற்றி நம்மிடையே நடந்த பேச்சுகளில் தரம் என்னும் கருத்தாக்கத்துக்குக் கிடைத்த இடம் இந்தச் சிறு நிகழ்வுக்குக் கிடைத்ததில்லை. ஆனால் நூலின் வழக்கு முழுவதும் இதில் இருக்கிறது. மூக்குக்கு எட்டிய சான்றை மறுக்கும் மனம்தான் அங்கே பழுதாகி நிற்கிறது.

*

இதையெல்லாம் இப்போது சொல்ல ஒரு அவசரம் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. இன்று தொழில் பழகும் இளைஞர் ஒருவர் பாயின்ட் இடைவெளியை அளக்காமலேயே நல்ல மெக்கானிக் ஆகிவிடலாம். அதில் தவறில்லை. ஆனால் அதே காலத்தில் பழைய வண்டிகள் குடிக்கும் எரிபொருளும் மாறிவிட்டது. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2030-க்கென முதலில் வைத்திருந்த இலக்கு 2025-லேயே எட்டப்பட்டது. சாதாரணப் பங்கில் சாதாரண மனிதருக்கு இன்று வேறு தேர்வு இல்லை என்றே சொல்லலாம்.

எத்தனால் பழைய வண்டிக்குச் செய்வது என்ன? லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட அதில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பெட்ரோலுக்கென அளந்து துளையிட்ட ஜெட்டின் வழியே வரும்போது கலவை மெலிந்துவிடுகிறது. புதிய வண்டியின் உணர்கருவி இதை அறிந்து கூடுதலாகப் பீய்ச்சும். பித்தளை ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது. ஆவியாக அதிக வெப்பம் கேட்பதால் குளிர்ந்த காலையில் கிளம்பத் தயங்கும். நீரை ஈர்க்கும். நீர் ஓர் அளவைக் கடந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். டேப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய ரப்பர் குழாயும் வளையங்களும் ஊதும், பிளக்கும், டாங்க் துருவேறும், கார்புரேட்டரின் துத்தநாகக் கலப்பு உடலில் வெள்ளைப் பொடி பூக்கும்.

நாம் மேலே சொன்ன வரிசை இங்கேதான் பயன்படுகிறது. நாட்கணக்கில் நின்ற வண்டி கிளம்பவில்லையா? டாங்கிலிருந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து அசையாமல் வைத்துப் பார்க்கலாம். இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றால் கார்புரேட்டரைக் கழுவிப் பயனில்லை. டாங்கைக் காலி செய்ய வேண்டும். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சியதையும் வடித்துவிடுவது நல்லது. டாங்கை நிரப்பி வைத்தால் ஈரக்காற்றுக்கு இடமிருக்காது. ப்ளக் வெளுத்துக் காட்டினால் ஊசியை ஒரு படி உயர்த்துவதோ, அடுத்த அளவு ஜெட் போடுவதோ தீர்வு. குழாயையும் வளையங்களையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றிவிட வேண்டும்.

சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் சற்று முன்னதாக மாற்ற நேரிடலாம், அது மலிவான வேலை, வழக்கமான சர்வீஸிலேயே முடிந்துவிடும் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கமளித்தது. வாதத்துக்கு அதை ஏற்போம். எந்த வண்டியில் எந்த வளையம், எந்த அளவு, எங்கே கிடைக்கும், ஜெட்டை மாற்ற வேண்டுமா என்பதைப் பால்காரருக்குப் புரியும் தமிழில், பெட்ரோல் பங்கின் சுவரில் யார் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்? எரிபொருளை மாற்றும் அதிகாரம் உடையவர்களுக்கு அதன் விளைவைச் சமாளிக்கும் வழியைச் சொல்லும் கடமையும் உண்டு. உற்பத்தியை நிறுத்திய வண்டியென்று கைகழுவும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். மலிவான வேலைதான், ஆனால் எது வேலை என்று தெரியாதவருக்கு அது மலிவாக முடிவதில்லை.

*

கேள்வி கேட்கும் பழக்கம் ஏன் தேய்ந்தது? மெக்கானிக்குகளின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, அநியாயமும்கூட. ஒரு மணி நேரம் தேடி, ஹெட்லைட்டுக்குள் உறை தேய்ந்து உலோகத்தில் பட்டுக்கொண்டிருந்த ஒயரைக் கண்டுபிடித்து நாடா சுற்றிவிடும் மெக்கானிக் கூலி கேட்டால், "ஒரு துண்டு டேப் சுத்தினதுக்கா இவ்வளவு?" என்பார் வாடிக்கையாளர். அவரே புதிய காயிலுக்கும் புதிய கார்புரேட்டருக்கும் கேட்ட பணத்தைப் பேசாமல் கொடுப்பார். கையில் ஒரு டப்பா வருகிறதல்லவா? பொருளுக்கு விலை உண்டு, சிந்தனைக்கு இல்லை என்று சந்தை சொல்லிவிட்ட பிறகு, மெக்கானிக் சிந்திப்பதை விட்டுப் பொருளை விற்கிறார். மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கூலி தர மனம் வராமல் அட்டைப்படத்துக்கு வாரி வழங்கும் பதிப்புலகை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நம் முதல் கோரிக்கை வண்டி வைத்திருப்பவர்களிடம். பழுது கண்டுபிடித்ததற்கென்று தனியே கூலி கொடுங்கள். எதையும் மாற்றாமல் வண்டியைச் சரிசெய்து தந்தவருக்கு, மாற்றித் தந்தவரைவிட அதிகம் கொடுங்கள். "என்ன மாற்றினீர்கள்?" என்பதற்குப் பதிலாக "என்ன கண்டீர்கள்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பட்டறையின் போக்கை மாற்றிவிடும்.

இரண்டாம் கோரிக்கை எழுதுபவர்களிடம். இந்த அறிவு முழுவதும் வாய்மொழியாகத் தமிழில்தான் வாழ்ந்தது. ரெடிச்சில் பிறந்த எஞ்சினைத் திருவொற்றியூரிலும் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கைகள் கற்றுக்கொண்டபோது சொற்களும் கூடவே பிறந்தன. கரண்ட் வரவில்லை, ஓவர் ஆகிவிட்டது, மிஸ்ஸிங் அடிக்கிறது, இழுவை இல்லை என்ற ஒவ்வொரு தொடரும் தனித்தனி நோயைக் குறிக்கும் துல்லியமான கலைச்சொல். கலைச்சொல் அகராதி தொகுப்பவர்கள் கார்புரேட்டருக்கு நிகரான தூய சொல்லைத் தேடி உழைத்த அளவுக்கு, பட்டறையில் ஏற்கெனவே வழங்கும் இந்தத் தொடர்களைச் சேகரிக்க உழைக்கவில்லை என்பது நம் மனக்குறை. மருத்துவச் சுவடிகளும் மாட்டு வாகடமும் எழுதிவைத்த மொழி இது. மாட்டின் நோய்க்கு வாகடம் எழுதியவர்கள் அதைத் தாழ்ந்த பொருள் என்று நினைக்கவில்லை. நாற்பதாண்டுகள் கிக்கர் மிதித்த கால்கள் ஓய்ந்துவருகின்றன. அவர்களருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமர்வது நாட்டாரியல் ஆய்வுக்குச் சற்றும் குறைந்த பணியன்று.

கார்புரேட்டர் வண்டிகள் புகை கக்குபவை, அவை ஒழிவதே நல்லது என்ற மறுப்பு எழும். அதில் நியாயம் இருக்கிறது. குறிப்பாக இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் விஷயத்தில். புதிய வண்டிகள் தூய்மையானவை, எளிதில் கிளம்புபவை என்பதில் நமக்கு ஐயமில்லை. பழமை என்பதற்காகப் பழையதைப் போற்றவும் நாம் வரவில்லை. ஆனால் புதியது வாங்க இயலாதவர் பழையதை ஓட்டத்தான் போகிறார். கேள்விதான், அது கரி அடைத்த ப்ளக்கோடும் பெருகிப்போன ஜெட்டோடும் ஓடுமா, அளந்த கலவையோடு ஓடுமா என்பது. ஒழுங்காகப் பராமரித்த வண்டி குறைவாகக் குடிக்கும், குறைவாகக் கக்கும். காற்றின் மீது அக்கறை கொண்டவர்களும் பழுது பார்க்கும் அறிவின் பக்கம் நிற்க வேண்டிய காரணம் இது.

இத்தனைக்கும் தேவைப்படும் கருவிகள் ஒரு ப்ளக் ஸ்பேனர், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு கண்ணாடிப் புட்டி, ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு குண்டூசி. எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பையில் அடங்கும். கூடவே வேண்டியது, கழற்றுவதற்கு முன் சற்றே நின்று உலர்ந்ததா நனைந்ததா என்று பார்க்கும் பொறுமை. அது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை; ஆனால் ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.